ஹப் பூட்ட இரண்டு நிமிடம்

நான் ட்ரைவராக இருந்த அலுவலக ஜீப்பில் ஃபோர் வீல் லீவர் ஒன்று இருந்தது. அதை இழுத்தவுடன் நாலு சக்கரமும் வேலை செய்யும் என்று நம்புகிறவர்கள் இரண்டு வகை: ஜீப் ஓட்டாதவர்கள், மேலதிகாரிகள். முன் சக்கரம் இரண்டின் நடுவிலும் ஹப் என்ற மூடி இருக்கும். இறங்கிப் போய் அதைக் கையால் திருப்பி 'லொக்'கில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் முன் சக்கரங்கள் கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவினர் மாதிரி சும்மா கூட வரும்.

எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. கொழும்பிலிருந்து புதிதாக வந்த பொறியியலாளருடன் லக்கலப் பக்கம் ரோடு பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது, காலை 10.20க்கு, தோட்டத் தொழிலாளி மாரிமுத்து வழிமறித்தார். மனைவி செல்விக்குப் பிரசவ வலி, பஸ் இல்லை. பொறியியலாளர் உடனே ஏற்றச் சொன்னார். அதை நான் மறைக்கக் கூடாது. அடுத்த கணமே "நீ மாட்டு வண்டி மாதிரி ஓட்டுவ, தள்ளு" என்று ஸ்டியரிங்கைப் பிடித்ததையும் மறைக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் குறுக்கு வழியில், பாலம் இல்லாத ஆறு வந்தது. முழங்கால் தண்ணீர், அடியில் மணல்.

"சேர், ஹப்ப பூட்டணும். ரெண்டே நிமிஷம். எறங்கி நடந்து ஆழத்தயும் பாத்துருவோம்."

"லீவர் போட்டாச்சுல்ல? பின்னால அந்தப் புள்ள துடிக்குது, நீ ஆத்துல உலாத்தணுங்கிற!"

ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. மாட்டட்டும், அப்போதாவது தெரியட்டும் என்று உள்ளூர ஓர் ஆசை.

ஆசை நிறைவேறியது. நடு ஆற்றில் பின் சக்கரங்கள் சுழன்று தமக்குத் தாமே குழி தோண்டின. சேர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தார். குழி இன்னும் வசதியானது. முன் சக்கரம் கல்லில் முட்ட, ஸ்டியரிங் வெட்டித் திரும்பி, உள்ளே மடித்துப் பிடித்திருந்த அவருடைய வலது கட்டைவிரலை அடித்தது. கட்டைவிரலை வெளியே வைத்துப் பிடிக்க வேண்டும் என்று ஜீப்போடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அவர் அந்தப் பக்கத்துக்கு இன்னும் வரவில்லை போலும்.

"இப்ப என்ன செய்யலாம், சொல்லுங்க ட்ரைவர்" என்றார். அன்றுதான் முதல்முறை எனக்கு 'ங்க' கிடைத்தது.

பின்னால் செல்வி, "ஐயோ, இங்கயே பொறந்துரும் போலருக்குங்க" என்று அலறினாள். மாட்டிக்கொண்டது யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தண்ணீருக்குள் குனிந்து ஹப்புகளைத் தடவிப் பிடித்தேன். மணல் ஏறி இறுகிக் கிடந்தன. நான் அவற்றோடு மல்லுக்கட்ட, மாரிமுத்துவும் சேரும் சக்கரத்தடி மணலை அள்ளிவிட்டுக் கல் அடுக்கினார்கள். ஹப்புகள் ஒருவழியாகப் பூட்டியதும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்; லோ கியரில், ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டு, ஊர்ந்து கரையேறினோம். போனது நாற்பது நிமிடம்.

பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில், ஜீப்பின் பின்சீட்டிலேயே பிறந்தது. இரண்டு உயிரும் தப்பியது ஓடிவந்த மருத்துவமாதுவால். மாரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி என்ன ஆயிருக்கும்ங்க" என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு பின்சீட்டைக் கழுவப் போனேன்.

ஜீப்பின் பயணக் கணக்கு எழுதும் ரனிங் சார்ட்டில் தாமதத்துக்குக் காரணம் 'ஆற்றில் வெள்ளம்' என்று எழுதினேன். சேர் இடது கையால் கையெழுத்திட்டார்.

புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்கு: தண்ணீருக்கு முன்னாலேயே இறங்கி ஹப்பைப் பூட்டுங்கள், அதற்கு அனுமதி கேட்காதீர்கள். மேலதிகாரிக்குப் பாடம் புகட்டும் ஆசை வந்தால், முதலில் பின்சீட்டைத் திரும்பிப் பாருங்கள்.