துதிக்கை வைத்த லை

ஸ்டெல்லா போய்விட்டாள் என்ற செய்தி, உதியன்குளங்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோது வந்தது. அவள் சபையின் பாட்டுப்புத்தகச் செயலியில்தான் வந்தது. அவளும் நானும் செய்த செயலி. அவள் பெயர் அவள் தேடிப்பிடித்த எழுத்திலேயே இருந்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அவளை அறிந்த உங்களுக்கு அவள் பிடிவாதமும் தெரியும். திருவனந்தபுரத்து அலுவலகத்தில் எனக்கு அடுத்த நாற்காலி. அவள் அப்பாவுக்குப் பார்வை மங்கி, ஆராதனையில் பாடுவதையே விட்டிருந்தார். போனில் எழுத்தைப் பெரிதாக்கலாம். ஆனால் அவர் கண் பழகியது யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த பழைய அச்சு ‘லை’ எழுத்துக்கு. “அப்பா பாடணும். அதுக்கு அவரு எழுத்து வேணுமாக்கும்” என்றாள். பழைய வடிவ ஃபான்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைச் செயலியில் ஏற்றுவது என் வேலை.

ஃபான்ட் இணையத்திலிருந்து இறங்கட்டுமே, செயலி சிறிதாக இருக்கும் என்றேன்.

“எலே, எங்க ஊரு வெள்ளறடையில மழை பெய்தா நெட் உண்டா? உள்ளயே வை.”

வைத்தேன். என் போனில் தமிழ் பளிச்சென்று வந்தது. முடிந்தது என்று பெருமையாகக் காட்டினேன். ஒரு வரி பார்த்தாள்.

“இது போனுக்க சொந்த எழுத்து. நம்ம ஃபான்ட் ஏறவே இல்ல. லைக்குத் துதிக்கை எங்க?”

கோப்பை உள்ளே போட்ட நான், அதைச் செயலியில் பதிவு செய்யவில்லை. செயலியும் சத்தமில்லாமல் போனில் கிடைத்த எழுத்தைக் காட்டிவிட்டது. பாறசாலையில் மலையாளத்தில் படித்தவன் நான். தமிழ் பேசுவேன், வாசிப்பு பஸ் போர்டோடு சரி. எந்த லை வந்தாலும் எனக்கு ஒன்றுதான். வெட்கத்தோடு பதிவு செய்தேன். “இனி ஒவ்வொரு பாட்டையும் நீயே வாசிச்சுப் பாரு மக்கா” என்று சிரித்தாள்.

அப்படித்தான், சபைக்கு அல்ல, கோயிலுக்குப் போகிற நான், பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனைகளை எழுத்துக்கூட்டினேன். அதற்குள் நோயில் விழுந்திருந்த அவளோ, சிகிச்சைக்கு நடுவிலும் சபையாரின் பழைய போன்களை எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஏற்றிப் பார்த்தாள். ஒருவர் பாடுவதற்காக ஒருத்தி இவ்வளவு செய்வாளா என்ற பிரமிப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. எல்லாம் சரியான அடுத்த ஞாயிறே அவள் அப்பா பாடினார்.

நல்லடக்க ஆராதனையில் அவர் போனைத் திறந்தார். எழுத்து உடனே வந்தது. கண் நிறைந்து அவருக்குத் தெரியவில்லை. போனை என் கையில் வைத்தார்.

“நீ வாசி மக்கா. நான் கூடப் பாடுறேன்.”

வரிவரியாக வாசித்தேன். அவர் பாடினார். ஓரிடத்திலும் நான் தடுமாறவில்லை.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாசிப்புதான். இந்த அஞ்சலியையும் நானே தமிழில் எழுதினேன். ஒரு வரி பார்த்துவிட்டுத் திருப்பித் தர அவள்தான் இல்லை.