மஞ்சள் தண்ணீரும் நீல வெளிச்சமும்

“டோர்ச் லைற் அடிக்கிறதுக்கோ நீ பட்டம் படிச்சனி?” என்று கேட்டவர் என் அம்மா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். லண்டன் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நீல ஒளி பட்டால் நம் உடலின் உயிரணுக்கள் தாமாகவே மெல்ல ஒளிரும். கருப்பை வாயில் புற்றுநோய்க்கான மாற்றம் தொடங்கிய இடம் மட்டும் மங்கித் தெரியும். இந்த முறையைத்தான் சோதித்து வருகிறோம்.

கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை இந்தப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைத்தேன். “சோப், கிரீம் ஒண்டும் பாவிக்காதேங்கோ” என்று பலமுறை சொன்னேன். பரிசோதனையில் எல்லா இடமும் வழக்கத்துக்கு மீறிப் பளிச்சென்று ஒளிர்ந்தது. டாக்டர் குழம்பிப்போனார்.

“அம்மா, என்ன பூசினனீங்கள்?”

“ஒண்டும் பூசேல்லை. டொக்டர் பாக்கிற இடமெண்டு மஞ்சள் தண்ணியாலை உள்ளுக்கும் கழுவினனான். மஞ்சள் என்ன சோப்போ?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நீல ஒளியில் மஞ்சளும் ஒளிரும்; மங்கிய இடம் இருந்தாலும் மறைத்துவிடும்.

அடுத்த வாரம் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தார். ஓர் இடம் மங்கலாகத் தெரிந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோயாக மாறுவதற்கு முந்திய நிலை. அகற்றிவிட்டார்கள், அம்மா நலம். மஞ்சளின் பளபளப்பை நம்பி அன்றே வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

இப்போது பரிசோதனைக்கு வரும் தமிழ்ப் பெண்களிடம் மஞ்சள், வேப்பிலை, நல்லெண்ணெய் என்று பெயர் சொல்லியே கேட்கிறேன். சென்ற சனிக்கிழமை, ஈஸ்ட் ஹாம் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மாரிடம் அம்மாவின் மஞ்சள் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திச் சிரித்தவர்களில் இருவர், மற்றவர்கள் போனபின் மெதுவாக வந்து பேசினார்கள். இருவருக்கும் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டேன்.