கை எட்டும் ஆழம்

என் கடையில் கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடி ஒட்டும் சிலிக்கோன் குழாய்கள் மாட்டியிருக்கும் ஆணிக்குப் பக்கத்தில், ஒரு கம்பு தொங்குகிறது. பெருவிரல் பருமன்தான். பல வருடம் கைபட்டு வழுவழுத்துப்போன பழைய கம்பு. ஒரு முனை மட்டும் மரம் அறுக்கும் வாளால் அறுத்தது. அந்த இடத்தில் இன்னும் வெளுப்பு மாறவில்லை. பதுளை பஜாரில் மீன் தொட்டி செய்து விற்கிறவனுக்குக் கம்பு எதற்கு என்று வருகிறவர்களுக்கு விளங்குவதில்லை. கண்ணாடியைத் தட்டும் பிள்ளைகளை மிரட்ட வைத்திருக்கிறேன் என்று நினைக்கும் தாய்மார் உண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும், கண்ணாடிக்கு நல்லது என்று நானும் விட்டுவிடுவேன். ஆனால் பவளத் தொட்டி வேண்டும் என்று யாராவது வந்தால் அந்தக் கம்பு கீழே இறங்கும். எத்தனை அடி நீளம் வேண்டும் என்பது என் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "யாரு கைய விடப் போறது?"

அந்தக் கேள்வியை எனக்குத் தந்தவர் ஓர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. டவுனில் ஒரு பல் டொக்டரின் கிளினிக்கில் துப்புரவு வேலை பார்த்தவர். ஸ்பிரிங்வெளி தோட்டத்தில் பதினேழு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது மலை வேலையை விட்டார். காலையில் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், மாலையில் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். மகளின் படிப்பு அந்த வேலையை நம்பித்தான் ஓடியது. நான் நெட்டை, அவர் தலை என் தோளுக்குக் கீழே நிற்கும். வயதில் என்னைவிட மூன்றோ நான்கோதான் கூட. ஆனாலும் பார்த்த முதல் நாளே "தம்பி" என்று ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அக்கா என்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

டொக்டர் கொழும்பில் எங்கேயோ ஒரு பவளத் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கடல் நீர், கடல் மீன், உயிருள்ள பவளம். பல் பிடுங்க வரும் பிள்ளைகள் அதைப் பார்த்து அழுகையை மறக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். நானோ அதுவரை தங்கமீன் தொட்டிகளைத் தவிர வேறொன்றும் செய்யாதவன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் இரண்டு காலையும் சேர்த்தே விட்டேன். கடல் உப்பைக் கரைத்துத் தண்ணீர் தயாரிக்கப் படித்தேன். அனுமதி பெற்றுப் பவளம் வளர்க்கிற ஒருவரைத் தேடிப்பிடித்துத் துண்டுகள் வாங்கினேன். கொழும்பில் தண்ணீரைக் குளிர வைக்கப் பாடுபடுகிறார்கள், நம் ஊர்க் குளிருக்குச் சூடாக்க வேண்டும் என்பதுகூட எனக்கு ஞாபகம் வந்தது. தொட்டியின் உயரத்தை மட்டும் சுவரைப் பார்த்து முடிவு செய்தேன். முப்பது அங்குலம். உயரம் கூடினால் கண்ணாடியில் அழுத்தம் கூடும் என்று தடித்த கண்ணாடி போட்டேன். அடியில் இடுப்பளவு மேசையும் வைத்ததும் அது சுவரில் ஒரு ஜன்னல் மாதிரி எழுந்து நின்றது. டொக்டர் என் முதுகில் தட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

தொட்டியைக் கவனிக்கும் வேலையை டொக்டர் அக்காவிடம் ஒப்படைத்தார். அக்கா முதல் நாள் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரசத்துல கை தவறி உப்பு கொட்டுன மாதிரி இருக்கு. இதுலயா இதுங்க உசுரோட இருக்கும்?" என்றார். இருந்தன. மேல் கல்லில் ஒட்டிய பவளங்கள் வெளிச்சத்துக்கு விரல் விரலாக விரிந்தன. தரை துடைக்கிற நேரத்திலும் அக்கா அவற்றை எட்டி எட்டிப் பார்ப்பாராம். அடியில் மணலோடு கிடந்தவை மட்டும் நாளுக்கு நாள் மங்கிப் பழுப்பாகின. அவ்வளவு ஆழத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. புது இடம், பழகிவிடும் என்று சமாதானம் சொன்னேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். பின் மூலையில், கல்லுக்கு அடியில், ஒரு சின்ன நீல மீன் செத்துக் கிடந்தது. அக்கா ஸ்டூலில் ஏறிக் கையை விட்டிருக்கிறார், எட்டவில்லை. சமையல் இடுக்கியை ஒரு குச்சியில் கட்டி விட்டிருக்கிறார். அது ஒரு பவளத்தைத் தட்டிக் கவிழ்த்ததுதான் மிச்சம். இரண்டு நாளில் அந்த ஒரு மீன் அழுகித் தண்ணீரையே கெடுத்துவிட்டது. எனக்குத் தொலைபேசி வந்து ஓடிப் போனபோது தொட்டி கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது, இன்னும் மூன்று மீன்கள் மேலே மிதந்தன.

அன்று நான் செய்ததை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், "வாரத்துக்கு ஒருக்கா கைய விட்டுச் சுத்தம் பண்ணுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? கவனம் இருந்தா இப்பிடி ஆகுமா?" என்று அக்காவைக் கேட்டேன். என் பெயர் கெட்டுவிடுமே என்கிற பயம் வாயாக வந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த டொக்டர் கத்தவில்லை. "இதப் பாத்துக்க ஒங்களால முடியாட்டி, வேற ஆள்தான் பாக்கணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. வேறு ஆள் என்றால் மகளுடைய பஸ்ஸும் பள்ளிக்கூடமும் என்னாகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அக்கா அழவில்லை. "தம்பி, ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்றார். போனேன். "இந்த ஸ்டூல்ல ஏறி, என் ஒசரத்துக்கு முழங்கால மடக்குங்க." ஏறி மடக்கினேன். "இன்னுங் கொஞ்சம். ஆங். இப்ப அந்த மூலையில இருக்கிற கல்ல எடுங்க." கையை விட்டேன். கண்ணாடி விளிம்பு அக்குளில் வெட்டியது. மூக்கு தண்ணீரில் முட்டியது. அக்காவின் கையைவிட நீளமான என் கை, கல்லுக்கு ஒரு சாண் மேலே, தண்ணீரில் சும்மா துழாவிக்கொண்டிருந்தது. "இப்பிடித்தாங்க ஒன்றர மாசமா" என்றார் அக்கா. உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். எனக்கு வேண்டியதுதான்.

மறுநாள் நான் கடை திறக்கும்போது அக்கா வாசலில் நின்றார். கையில் இந்தக் கம்பு. அப்போது இரட்டிப்பு நீளம் இருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கும்போது செடியின் மேலே படுக்க வைத்து மட்டம் பார்க்கிற கம்பு. அந்த மட்டத்துக்கு மேலே வந்த தளிரைத்தான் கிள்ள வேண்டும். என் அம்மாவிடமும் ஒன்று இருந்தது. எங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், கதவு மூலையில் சாத்தியிருக்கும். அதை ஒரு பொருளாக நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அக்கா கம்பைத் தன் கையோடு சேர்த்து வைத்து, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து கத்தியால் ஒரு வெட்டுப் போட்டார். விரல் நுனி வரை அளக்கலாமே என்றேன். "தொட்டா போதுமாங்க? கொழுந்த தொட்டா எடுத்ததாயிருமா? பிடிக்கணும், கிள்ளணும்" என்றார். பிறகு, "தேயில மரந்தாங்க. விட்டா வீட்டுக்கு மேல வளந்துரும். நம்ம கைக்கு எட்டணும்னுதான வெட்டி வெட்டி இடுப்போட வச்சிருக்கு" என்றார். லயத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது. பார்க்கிற மலையெல்லாம் மனுஷியின் கைக்கு அளவெடுத்து நிற்கிறது. அதற்கு நடுவிலே வளர்ந்த நான், சுவரை அளந்தேன், கண்ணாடியை அளந்தேன், கையை அளக்கவில்லை. வெட்டுப் போட்ட இடத்தில் கம்பை அறுத்து அளந்து பார்த்தேன். பதினெட்டு அங்குலம்.

அன்றே டொக்டரிடம் போய், பிழை அக்காவுடையது அல்ல, என்னுடையது என்று சொன்னேன். சொன்ன பிறகு லேசாக இருந்தது. மீன்களையும் பவளங்களையும் பெரிய வாளிகளில் மாற்றிவிட்டு, தொட்டியைப் பிரித்து, அதே கண்ணாடிகளைப் பன்னிரண்டு அங்குலம் குறைத்து வெட்டி ஒட்டினேன். அக்கா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்து, "தொட்டிக்குக் கவ்வாத்தா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உயர்ந்துவிட்ட தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவதைத்தான் மலையில் கவ்வாத்து என்போம். "சின்னதாப் போச்சே" என்று டொக்டருக்கு முதலில் மனக்குறை. இரண்டு மாதத்தில் மணலில் கிடந்த பவளங்களும் நிறம் பிடித்து விரிந்தன. பிள்ளைகள் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டு, கூப்பிட்டாலும் உள்ளே போக மறுத்தார்கள். வேறு ஆள் பார்க்கிற பேச்சு அதோடு நின்றது.

இது நடந்து ஏழெட்டு வருடமாகிவிட்டது. அக்கா இப்போது கிளினிக் தொட்டியோடு டவுனில் இன்னும் இரண்டு தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். வளர்ந்த பவளத்தை நறுக்கிப் புதுக் கல்லில் ஒட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் வெட்டினால் சிலது பிழைக்கும், அக்கா வெட்டினால் எல்லாம் பிழைக்கும். கிள்ளிப் பழகிய விரல்.

போன மாதம் மகளோடு கடைக்கு வந்தார். மகள் இப்போது தாயைவிட ஒரு முழம் உயரம், ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள். லயத்தை விட்டு, ஸ்பிரிங்வெளியிலேயே தனி வீட்டுக்குப் போய்விட்டார்களாம். "முன்னறையில ஒரு தொட்டி வைக்கணும் தம்பி. ஊராளுக தொட்டியவே பாத்துக்கிட்டிருந்தா போதுமா?" என்றார். கம்பை எடுத்துக் கொடுத்தேன். வைத்துப் பார்த்தார். மணிக்கட்டு கம்பின் முனைக்கு நான்கு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. இடையில் ஒருமுறை மழைக்குள் படியில் வழுக்கி விழுந்து கை முறிந்து கட்டியதில், அந்த முழங்கை முன்னைப்போல் முழுதாக நீளுவதில்லை. எனக்கு அது தெரியும், ஆனால் எவ்வளவு என்று கம்பில்தான் பார்த்தேன். நீட்டு இடுக்கி இருக்கிறது, மகள் கை எட்டும் என்று எதையெதையோ உளறினேன்.

"என்னாத்துக்கு முழிக்கிறீங்க?" என்றார் அக்கா. "ஒசந்தா வெட்ட வேண்டியதுதான. கவ்வாத்து வெட்டுனா செடி செத்தா போகுது? வாள எடுங்க."

நான் கம்பைப் பிடித்துக்கொண்டேன். அக்காவே நல்ல கையால் அறுத்தார். நான்கு விரல் நீளத் துண்டு தரையில் விழுந்தது. பிறகு அந்தக் கம்பைப் புதுக் கண்ணாடியின் மேல் படுக்க வைத்து, அது முடிகிற இடத்தில் கோடு கிழித்தேன். கம்பு மறுபடி ஆணியில் தொங்குகிறது. தொட்டி இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங்வெளிக்குப் போகிறது.