தலைமையாசிரியையின் ரிக்‌ஷா

பினாங்கில் பெண்கள் பள்ளியொன்றில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், எங்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கிராணியார் தினமும் கடைசி மணி அடித்ததும் குடையோடு எங்கே போகிறார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“வராத பிள்ளையளின்ர வீட்டுக்கு. நீங்களும் வாங்கோவன்,” என்றார்.

சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். என் மாணவி ஒருத்தியின் தந்தை அதை நடத்தினார்.

“வயசுக்கு வந்த புள்ள, கிராணி. ரோட்டுல நடத்தி அனுப்ப மனசு வரல,” என்றார் அவர்.

கிராணியார் வாதாடவில்லை. “நடக்க வேண்டாம். தலைமையாசிரியை அம்மா காலமை மூடின ரிக்‌ஷாவில இந்தப் பக்கத்தாலதான் வாறவ. பிள்ளையை ஏத்திக்கொண்டு வருவா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மா குடியிருந்தது பள்ளிக்கு எதிர்வீட்டில்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் திரை போட்ட ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. முதலில் மாணவி இறங்கினாள், பின்னால் தலைமையாசிரியை.

“கிராணியார் உங்ககிட்ட முன்னாடியே கேட்டிருந்தாராம்மா?” என்றேன்.

“நேத்து சாயங்காலம்தான் வந்து சொன்னாரு. எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு மட்டும் கேட்டுக்கிட்டேன்.”

அந்தப் பெண் படிப்பை முடிக்கும்வரை இருவரும் அப்படியே சேர்ந்து வந்தார்கள்.