கூனையைத் தோண்டி எடுத்த கைகள்

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்கு விரோதமாகச் செல்லாது: சாட்சியச் சட்டம், இருபத்தைந்தாம் பிரிவு. அவன் சொன்னதைக் கொண்டு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்குச் செல்லும்: இருபத்தேழாம் பிரிவு. எங்கள் ஊர்ப் போலீஸ் ஏட்டு இரண்டாவதை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சங்கரன்கோவில் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் புது வக்கீல். கரிவலம்வந்தநல்லூரில் விவசாயம் பார்த்த சம்சாரி ஒருவரின் கிணற்றுக் கமலையிலிருந்து, தண்ணீர் இறைக்கும் இரும்புக் கூனை களவு போயிற்று. பக்கத்து வயலில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரனைப் பிடித்து வந்தார்கள்.

சப்ஜெயிலில் அவனைப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு.

"ஸ்டேஷன்ல பெஞ்சுக் காலுக்கு அடியில கைய வைக்கச் சொன்னாவ. மேல ரெண்டு பேரு உக்காந்தாவ. எலும்பு முறியிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. ஒருத்தரு எந்திரிச்சு, திரும்பவும் உக்காந்தாரு."

"ஒத்துக்கிட்டியா?"

"எதைன்னு சொல்லுங்க, அதையும் ஒத்துக்கிடுதேன்னேன்."

ஜெயிலுக்கு அவன் பயப்படவில்லை. "திருடன்னு கோர்ட்டு எழுதிட்டா எந்தச் சம்சாரி தன் வயல்ல கிடை போட விடுவான்? ஆட்ட ஓட்டிக்கிட்டு நான் எங்கன போக?"

பொருள் கண்டெடுத்ததற்குப் போலீஸ் எழுதிய மகஜரில், எதிரி தானே மண்வெட்டி பிடித்து, இடுப்பளவு தோண்டி, கூனையை எடுத்துக் கொடுத்ததாக இருந்தது. சித்திரை மாசத்துக் கரிசல், கடப்பாரையே எகிறும். அதற்கு முதல் நாளே, அவன் மயங்கி விழுந்ததும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். கம்பவுண்டர் காயப் பதிவேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார் என்று அவனே சொன்னான். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

குறுக்கு விசாரணையில் ஏட்டைக் கேட்டேன்: "எந்தக் கையால் தோண்டினான்?"

"ரெண்டு கையாலயும்தான்."

"கை எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் தப்பி ஓடப் பாத்து, சுவர்ல இருந்து விழுந்துட்டான்."

பதிவேட்டை அனுப்பும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். நானும் நகல் கேட்டு மனுப் போட்டேன். பதில் இல்லை. கம்பவுண்டரைப் போய்ப் பார்த்தேன். "எழுதினது நாந்தான் அண்ணாச்சி. டாக்டர் உத்தரவு இல்லாம வாயத் தெறக்க முடியாது" என்றார். டாக்டர் மேலிடத்து உத்தரவுக்கு எழுதியிருந்தார். மூன்று வாய்தாவுக்குப் பிறகு மாஜிஸ்திரேட் காத்திருக்கவில்லை. ஆறு மாசம் ஜெயில்.

வராந்தாவில் ஏட்டு என் பக்கம் ஒதுங்கினார். "வருத்தப்படாதேயும் வக்கீலய்யா. பய வாக்குமூலத்துல கைநாட்டுத்தான வச்சான். ரேகை உருட்ட எலும்பு எதுக்கு வே?"

அப்பீலிலும் காகிதம் எங்கே என்றார்கள்.

விடுதலையானவன் குருவிகுளம் பக்கம் ஒரு புஞ்சையில் கிடை போட்டான். பேர் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. "கூனக் களவாணி, எங்க ஊர்ல என்னத்த தோண்ட வந்தெ?" என்று நாலு பேர் கம்பால் அடித்தார்கள். இரண்டு ஆடுகளை அவன் கண்முன்னே அடித்தே கொன்றார்கள். மடங்காத விரல்களால் அவனால் கம்பைப் பிடிக்கவும் முடியவில்லை, முகத்தை மறைக்கவும் முடியவில்லை. இடது கண் போயிற்று. அதே ஆஸ்பத்திரி, அதே பதிவேட்டில் இன்னொரு வரி.

பதிவேட்டு நகல் கேட்டு முன்பு நான் போட்ட மனுவுக்குப் பதில் வந்தது. இரு கை விரல்களிலும் எலும்பு முறிவு. மகஜருக்கு முந்தின நாள் தேதி. நகல் வேண்டுமானால் உரிய கட்டணத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கவும். தபால்காரர் அதைக் கொண்டுவந்தது ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள், அவனுக்குக் கண்கட்டு அவிழ்த்த அன்று.