மைனர் தாத்தாவுக்கு என்ன வயசு?

எங்க தாத்தாவை ஊரே "மைனர்"னுதான் சொல்லும். அதை வச்சு என் சம்பந்தியம்மா என்னைக் குத்திக்காட்டாத நாளில்லை.

பேத்தி ஸ்கூலுக்காகக் குடும்பக் கதை எழுதுறா. அதுக்காக என் தம்பி, ஊர்க் கோர்ட்டுல பழைய பாகப்பிரிவினை கேஸ் நகல் எடுத்து அனுப்பியிருந்தான். இன்னைக்கு அமெரிக்காவுல, பிஸ்கட்டவேங்கிற ஊர்ல இருக்கிற மகன் வீட்டுல எல்லார் முன்னாடியும் கவரைப் பிரிச்சோம்.

முதல் பக்கத்திலேயே தாத்தா பேரு, "மைனர் சுப்பையா".

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்துச் சிரிச்சாங்க. "பாருங்க சம்பந்தி, கோர்ட்டே எழுதி வச்சிருக்கு! சொத்தையெல்லாம் ஆடித் தீர்த்தவராச்சே."

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, இங்கிலீஷ் வராது. ஆனா எங்க தாத்தா அப்படிப்பட்டவர் இல்லை. "மேல படிடி கண்ணு"ன்னு பேத்திகிட்ட சொன்னேன்.

"பாட்டி, மைனர்னா கிட்! ஹி வாஸ் ஒன்லி செவன்!"

தாத்தாவோட சித்தப்பா பிடிச்சுக்கிட்ட நிலத்துக்காக, அப்பா இல்லாத பிள்ளை பேர்ல அவர் அம்மா போட்ட கேஸாம். கோர்ட்டுல கூப்பிட்ட பேரு ஊர்ல ஒட்டிக்கிச்சு.

"இப்ப சொல்லுங்க சம்பந்தி, ஏழு வயசுல என்ன ஆட்டம் ஆடினாராம்?"

"காபி ஆறுது"ன்னு எழுந்து போயிட்டாங்க.

நான் சொல்லச் சொல்ல இதை டைப் அடிக்கிறது அவங்க மாப்பிள்ளை, அதாவது என் மகன். ஒரு வரி விடாம அடிக்கிறானான்னு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்.

உங்க வீட்டு மைனருக்கு என்ன வயசு?