பொட்டு வைத்த ஜெர்மன் கார்

அந்தக் காரை என் கண்ணிலும் காட்டக்கூடாது. உலகப் போருக்கு முந்தி ஜெர்மனியில் பந்தயத்துக்கென்று செய்தது. காற்று தடுக்காமல் ஓட, மூக்கு வழுவழுவென்று வளைந்து வால் ஒடுங்கிப்போன வெள்ளி நிறச் சனியன். உலகத்திலேயே இரண்டோ மூன்றோதான் மிச்சமாம்.

என் மனிசன் லதீசன்தான் அதற்குக் காவல். லண்டனுக்கு அகதியாக வந்து, பெற்றோல் ஸ்டேஷனில் நின்று, ஹீத்ரோவில் பெட்டி தூக்கி இடுப்பு, நாரி எல்லாம் முறிந்தவர். கடைசியில்தான் ஹவுன்ஸ்லோவில் பணக்காரர்களின் பழைய கார்களைப் பூட்டிவைக்கும் கராஜில் வேலை கிடைத்தது. அந்த ஒரு சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது.

காருக்கு ஈரம் பிடிக்காமல் இரவு பகலாக மெஷின் ஓடும். எங்கள் படுக்கையறைச் சுவரிலோ கறுப்புப் பூஞ்சணம். மகள் விதுஷா விடியவிடிய இருமுவாள். வீடு தந்த கவுன்சில்காரன் வந்து பார்த்துவிட்டு, யன்னலைத் திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். இந்த மனிசன் வீட்டுக்கு வந்தாலும் காரின் புராணம்தான்.

"பெயின்ட் கூட அந்தக் காலத்தில அடிச்சதுதான், றூபினி. அதாலதான் அவ்வளவு மதிப்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூசையன்று என்ன செய்தார் தெரியுமா? எங்கள் ஓட்டைக் காருக்குச் செய்வதுபோல, அதன் பொனட்டிலும் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் பெரிதாகக் குங்குமப் பொட்டு! நாலு சில்லுகளுக்குக் கீழேயும் நசிக்கத் தேசிக்காய் வேறு. மறுநாள் துடைத்தபோது சந்தனம் போனது, சிவப்புப் போகவில்லை. பழைய பெயின்டுக்குள் இறங்கிவிட்டது. அதை எடுப்பதென்றால் பெயின்டையே சுரண்டவேண்டுமாம். கார்ச் சொந்தக்காரன் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். அன்றைக்கே இவருக்கு வேலை போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கென்ன விசரே? வெள்ளைக்காரன்ரை காருக்கு ஏனப்பா பொட்டு வைச்சனீங்கள்? பெத்த பிள்ளையை விட அந்தச் சனியன் பெரிசோ?"

சப்பாத்தையும் கழற்றாமல் கதவடியிலேயே நின்றார்.

"ஆக்களைக் குறைக்கப் போறாங்களெண்டு கராஜில கதை அடிபட்டது. வேலை நிலைச்சா ஈரமில்லாத வீடொண்டுக்கு மாறலாம், பிள்ளைக்கு இருமல் நிக்கும் எண்டு கும்பிட்டுத்தான் வைச்சனான்."

அறைக்குள் விதுஷா இருமினாள். அப்போதும் என் வாய் அடங்கவில்லை.

"அந்தப் பொட்டை எங்கடை சுவரில வைச்சிருக்கலாமே!" என்று கத்தினேன். கத்திவிட்டு நானே அழுதேன்.